கணக்கில் மட்டும் இரண்டு வகுப்பு முன்னே... குழந்தையை மேல் வகுப்பில் உட்கார வைக்கலாமா?

ஐந்தாம் வகுப்பு படிக்கிற பெண். லீவு நாளில் பொழுது போகாமல் அண்ணனோட எட்டாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்து போட்டுப் பார்க்கிறாள். விடை சரியாக வருகிறது. அம்பத்தூர் - செங்குன்றம் சாலையில் இருக்கும் கள்ளிக்குப்பத்தில், நான் குடியிருக்கும் தெருவில் நடந்த விஷயம் இது.

பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய கணக்கு டீச்சர், "கணக்கு பீரியடுக்கு மட்டும் பாப்பாவை ஏழாங்கிளாஸ்ல உட்கார வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. அம்மா என்னை மாடிப்படியில் நிறுத்தி, "தம்பி, நீங்க நியூஸ் சேனல்லதானே இருக்கீங்க... இது நல்லதா கெட்டதான்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்லுங்களேன்" என்றார். நான் படித்தது பி.ஏ. தமிழ். எனக்கும் கணக்குக்கும் இருந்த கணக்கு பத்தாம் வகுப்போடு தீர்ந்துவிட்டது. ஆனாலும் கேள்வி மனசில் நின்றது. இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பெற்றோருக்கும் உதவட்டும் என்று, விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

இது டபுள் புரமோஷனா?

இல்லை. முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு 'டபுள் புரமோஷன்' கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து நேராக ஐந்து. எல்லாப் பாடமும், எல்லா நண்பர்களும் ஒரே நாளில் மாறிவிடும். இங்கே பேசுவது அது அல்ல. குழந்தை தன் வகுப்பிலேயே இருக்கும். தமிழ், ஆங்கிலம், அறிவியல், விளையாட்டு எல்லாம் சொந்த வகுப்பில்தான். ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்.

2004-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓர் அறிக்கை, குழந்தையை வேகமாக முன்னே கொண்டுபோக 18 வழிகள் இருப்பதாகப் பட்டியல் போட்டது. வகுப்பைத் தாண்டுவது அதில் ஒன்று, ஒரு பாடத்தில் மட்டும் முன்னே போவது இன்னொன்று. நம் ஊரில் முதலாவதைப் பற்றித்தான் செய்தி வரும். 'பத்து வயதில் பட்டதாரி' என்று தலைப்பு வைக்க வசதியாக இருக்கும். அந்தத் தலைப்புகளை வைப்பது எங்களைப் போன்றவர்கள்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

நான் எதிர்பார்க்காத தகவல் இங்கேதான் கிடைத்தது. புதுசே இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் லட்சக்கணக்கான குழந்தைகள் ஏற்கெனவே இப்படிப் படித்திருக்கிறார்கள்.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற முறை சோதனையாகத் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் இதற்குப் பின்னணியில் இருந்தார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே இருக்கும் ரிஷிவேலி பள்ளியில் ஏற்கெனவே செய்து பார்த்த முறை அது. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. என் வயதில் இருக்கிற, அரசுப் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'அட்டை எடுத்துப் படிச்சோமே' என்பார்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் சுவரில் ஒரு கற்றல் ஏணி. அதில் படிப்படியாகப் படங்கள். குழந்தை தன் படிக்கான அட்டையைத் தானே போய் எடுத்துக்கொள்ளும், பாயில் குழுவாக உட்கார்ந்து செய்யும், முடித்ததும் அடுத்த படிக்குப் போகும். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகை. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் கலந்தே உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் நமக்கு முக்கியம், தமிழுக்கு ஓர் ஏணி, கணக்குக்கு வேறோர் ஏணி என்பதுதான். ஒரே குழந்தை கணக்கில் மேலே ஏறியிருக்கலாம், தமிழில் கீழே நிற்கலாம். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. 'கிஃப்டட் சைல்டு' என்ற பெயரும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு முறைகள் மாறின. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் இதே யோசனை வேறு வடிவத்தில் வந்தது. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பைச் சரிசெய்யக் கொண்டுவந்த திட்டம் அது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. குழந்தை எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பது. பின்தங்கியவர்களைத் தூக்கிவிடத்தான் அது வந்தது என்றாலும், ஒரே அறையில் பலதரப்பட்ட பாடம் நடத்த முடியும் என்பதற்கு அதுவும் சாட்சி.

ஆனால் செயல்வழிக் கற்றலின் ஏணிக்கு ஒரு முடிவு இருந்தது. நான்காம் வகுப்பு. கணக்கு அட்டைகளை எல்லாருக்கும் முன்பே முடித்துவிட்ட பிள்ளையும், ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் மற்றவர்களோடு சேர்ந்து முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கள்ளிக்குப்பம் அக்காவின் கேள்விக்கும் இதுதான் சிக்கல். ஏழாம் வகுப்புக்கு அனுப்புவது எளிது. அதற்கு அப்புறம்?

ராமானுஜன் கதை எதைச் சொல்கிறது?

'ஒரு பாடத்தில் மட்டும் மேதை' என்றதும் தமிழர்கள் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருபவர் சீனிவாச ராமானுஜன்தான். இந்தக் கதையைப் பெற்றோர்கள் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904-ல் கணக்குக்கான பரிசோடு வெளியே வந்தார். உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் கவனம் போகவில்லை. உதவித்தொகை போனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறினார். 1907-ல் மறுபடியும் எழுதித் தோல்வி. பிறகு பல வருட அலைச்சல். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலை. 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் கதை திரும்பியது. பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது.

ராமானுஜனை யாரும் மேல் வகுப்பில் உட்கார வைக்கவில்லை, அவராகவே போய்விட்டார். ஆனால் அவரைத் தடுக்கிய விதி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் 100 வாங்கினாலும், மற்ற நான்கு பாடத்திலும் 35 எடுத்தால்தான் தேர்ச்சி. நம் தேர்வு முறை கூட்டிப் பார்க்கும் முறை. ஒரு பாடத்தில் முன்னே போகும் குழந்தைக்கு மற்ற பாடங்களில் குறைந்தபட்சம் என்ன நிலைமை என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. அதற்காக 'தமிழில் 90 வாங்கினால்தான் கணக்கில் மேலே விடுவோம்' என்று பேரம் பேசுவதும் தப்பு. ஒன்றுக்கு இன்னொன்றைத் தண்டனையாக்கினால் இரண்டும் கெடும்.

வெளியூரில் எப்படிச் செய்தார்கள்?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1975-ல் பிறந்த டெரன்ஸ் டாவ், இன்றைய உலகின் பெரிய கணிதவியலாளர்களில் ஒருவர். 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். தொடக்கப் பள்ளி வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க் கணக்கு படித்தார். 8 வயதில் அமெரிக்காவின் சாட் தேர்வில் கணக்குப் பகுதியில் 800-க்கு 760 வாங்கினார். இப்படிப்பட்ட பிள்ளையை நாமாக இருந்தால் பத்து வயதில் கல்லூரி கேட்டில் நிறுத்தி போட்டோ எடுத்திருப்போம். அவருடைய பெற்றோர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் அவர் இருக்கும் நிலைக்கு ஏற்ற வகுப்பு. பல்கலைக்கழகத்தில் சில பாடங்களை மட்டும் முதலில் எட்டிப் பார்க்க விட்டார்கள். முழுநேர மாணவராகச் சேர்ந்தது 14 வயதில்தான். இத்தனை வயதுக்குள் இந்தப் பட்டம் என்று இலக்கு வைப்பது குழந்தைக்கு நல்லதில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

டாவ் கோடியில் ஒருவர், அவரை வைத்து எல்லாருக்கும் முடிவெடுக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1971-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர், 12, 13 வயதில் கணக்கில் முன்னே நிற்கும் பிள்ளைகளைத் தேடி எடுத்துப் பின்தொடர ஆரம்பித்தார். அந்த ஆய்வு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்தப் பிள்ளைகளை ஐம்பது வயதுவரை பின்தொடர்ந்த ஒரு பகுதி 2020-ல் வெளியானது. சீக்கிரம் முன்னே அனுப்பப்பட்டதால் அவர்களுடைய மனநலம் பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. 'பெரிய பசங்களோட உட்கார்ந்தா பிள்ளை மனசு கெட்டுப்போயிடும்' என்ற பயத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. ஆனால் அங்கே தேர்வு செய்து, கவனித்து, ஆலோசகர் வைத்து அனுப்பினார்கள். சும்மா ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகவில்லை.

பக்கத்துல பாடி இருக்கே... பிரக்ஞானந்தா மாதிரி?

அம்பத்தூர் பக்கம் யாரிடம் பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. வராமல் இருக்குமா? பிரக்ஞானந்தா பாடியில் வளர்ந்தவர். அவரும் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியனான குகேஷும் படித்தது மேல் அயனம்பாக்கத்தில் இருக்கும் பள்ளி. கள்ளிக்குப்பத்திலிருந்து டூ வீலரில் போய்விடும் தூரம். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு வழக்கமான பள்ளிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

ஆனால் இந்த ஒப்பீடு கணக்குக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. செஸ் போர்டில் எதிரே இருப்பவருக்கு எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை. ஜெயித்தால் புள்ளி ஏறும், அடுத்த போட்டி அதைவிடக் கடினமாக இருக்கும். மேலே போகப் போக ஆளும் கிடைப்பார்கள், கோச்சும் கிடைப்பார். பள்ளிப் பாடத்தில் அப்படி இல்லை. அது வயதுப்படி நிற்கும் க்யூ. முன்னே இருப்பவரைத் தாண்டிப் போனாலும் கவுண்டர் திறக்கும் நேரம் ஒன்றுதான்.

சரி, எப்படித்தான் முடிவெடுப்பது?

முதல் வேலை, குழந்தைக்கு உண்மையில் எது தெரியும் என்று பார்ப்பது. எங்கள் ஏரியாவில் தெருவுக்கு ஒரு அபாகஸ் போர்டு தொங்குகிறது. வேகமாகப் பெருக்கத் தெரிவதும் கணக்கு புரிவதும் ஒன்று அல்ல. ஓர் எண்ணை இரண்டால் பெருக்கி 7 கூட்டினால் 31 வருகிறது, அந்த எண் என்ன? 12 என்று பாப்பா நொடியில் சொல்லிவிடுவாள். அடுத்து கேட்க வேண்டிய கேள்வி: 'அந்த 7 இந்தப் பக்கம் வந்தா ஏன் மைனஸ் ஆகுது?' 'பக்கம் மாறினா குறி மாறும்' என்றால் அது மனப்பாடம். 'தராசு மாதிரி, ரெண்டு தட்டுலயும் ஒரே அளவு எடுக்கணும்' என்று தன் சொந்த வார்த்தையில் ஏதாவது சொன்னால் அவள் தயார்.

அடுத்து, ஒரு வகுப்பு மேலே உள்ள முழு ஆண்டுத் தேர்வுத் தாளை, முன்கூட்டிப் பயிற்சி கொடுக்காமல் எழுத வைத்துப் பார்க்கலாம். மொத்த மார்க் எவ்வளவு என்பதைவிட எங்கே போனது என்பதுதான் விஷயம். ஐந்திலிருந்து நேராக ஏழுக்குப் போனால் ஆறாம் வகுப்பு முழுக்க விட்டுப்போகும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் விகிதம், இயற்கணிதத்தின் ஆரம்பம், குறை எண்கள் எல்லாம் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. இயற்கணிதத்தைத் தானே பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு வடிவியலில் காம்பஸ் பிடிக்கத் தெரியாமல் இருக்கலாம். அது திறமைக் குறைவு இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்காததுதான். விட்டுப்போனதை இரண்டு வாரம் உட்கார்ந்து நிரப்பிவிட்டு அனுப்பினால் போதும். வேர்டு சம்களையும் பாருங்கள். மேல் வகுப்பில் கணக்கு கடினமாவதற்கு முன்பே கேள்வியின் மொழி கடினமாகிவிடும்.

மூன்றாவது, டைம் டேபிள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நல்ல யோசனைகள் பல இங்கேதான் முட்டி நிற்கும். ஐந்தாம் வகுப்பு கணக்கு பீரியடும் ஏழாம் வகுப்பு கணக்கு பீரியடும் ஒரே நேரத்தில் வராவிட்டால், குழந்தை எதை விட்டுவிட்டுப் போகும்? தமிழையா, பி.டி.யையா? விளையாட்டு பீரியடைத் தியாகம் செய்து கணக்குக்குப் போகச் சொன்னால், கொஞ்ச நாளில் கணக்கே பிடிக்காமல் போய்விடும். பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது என்றால் மேல் வகுப்பே அந்த வளாகத்தில் இருக்காது. அப்போது இருக்கிற வகுப்பிலேயே வேறு கணக்கு கொடுப்பதுதான் வழி.

தேர்வு விஷயத்தையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். அரசின் 'எமிஸ்' பதிவில் ஒரு குழந்தைக்கு ஒரு வகுப்புதான். அரையாண்டுக்கு ஐந்தாம் வகுப்புத் தாளா, ஏழாம் வகுப்புத் தாளா? இரண்டையும் எழுத வைத்தால் அது தண்டனை. ரேங்க் கார்டில் எந்த மார்க் வரும்? ஏழாம் வகுப்புத் தாளில் 70 வாங்கியதைப் பார்த்து, '100 வாங்கிட்டிருந்த பிள்ளைக்கு என்ன ஆச்சு' என்று வீட்டில் யாராவது கேட்டால் எல்லாம் வீண். இந்தக் கடைசி விஷயத்தைத் தாத்தா பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவைப்பது நல்லது.

கடைசியாக, குழந்தையைக் கேளுங்கள். டீச்சர், அம்மா, அப்பா யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அவளுக்குப் பிடித்த ஒருவர் கேட்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு பன்னிரண்டு வயதுக்காரர்கள் நடுவே உட்காருவது சிலருக்கு ஜாலி, சிலருக்கு நடுக்கம். ஒரு பருவம் போய்ப் பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் கேள்வி கேட்காமல் திரும்பி வருவது என்று முதலிலேயே பேசிவைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். காலையில் கணக்கு பீரியட் இருக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா, வீட்டுப்பாடத்தை மறைக்கிறாளா என்று கவனியுங்கள். வந்தால் நிறுத்திவிடலாம்.

எதுவும் செய்யாமல் விட்டுவிட்டால்?

அதற்கும் விலை உண்டு. தெரிந்த கணக்கையே வருடக்கணக்கில் போடும் பிள்ளை, கஷ்டப்பட்டு யோசிப்பது என்றால் என்ன என்றே தெரியாமல் வளரும். முதல் முறையாக ஒரு கணக்கு வராமல் போகும்போது அது பதினொன்றாம் வகுப்பாக இருக்கும், அப்போது 'எனக்கு கணக்கு வராது' என்று முடிவு கட்டிவிடும். தப்பாகப் போடும் அனுபவம் பத்து வயதிலேயே கிடைப்பதுதான் மேல் வகுப்பின் உண்மையான லாபம்.

ஏணி முடிந்த பிறகு?

ஏழாம் வகுப்பு கணக்கை ஐந்தில் முடித்தால், பத்தாம் வகுப்பு கணக்கை எட்டில் முடிப்பாள். அதற்குமேல் சுவர். பொதுத்தேர்வில் கணக்கை மட்டும் முன்கூட்டி எழுத மாநில வாரியத்தில் வழி இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பாடம் பாடமாக எழுதலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்பு. ஆனால் அங்கேயும் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. சிபிஎஸ்இ 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்பு கணக்கில் 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டு தாள் வைத்திருக்கிறது. அது எந்தத் தாள் என்பதற்கான தேர்வுதான், எந்த வயதில் என்பதற்கு இல்லை.

அதனால் உயரமாகப் போவதோடு அகலமாகவும் போக வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு ஏராளம். 1965-ல் சென்னையில் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசிய கணிதத் திறன் போட்டி நடத்துகிறது. தொடக்கப் பள்ளிப் பிரிவுக்குத் தனித் தாள். பிள்ளைகளுக்காகவே 'ஜூனியர் மேத்தமேட்டிசியன்' என்ற இதழும் போடுகிறது. எட்டாம் வகுப்புக்கு வந்ததும் ஒலிம்பியாட்டின் முதல் கட்டத் தேர்வை எழுதலாம். எண் கோட்பாடும் எண்ணிக்கைக் கணக்குகளும் கேட்பார்கள், பாடத்திட்டத்தை ஓட்டி முடித்தவர்களும் அங்கே திணறுவார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடவாரியான மன்றங்களும் ஒலிம்பியாட்களும் வேண்டும் என்கிறது. காகிதத்தில் இருப்பது நம் பள்ளிக்கு எப்போது வரும் என்று காத்திருக்காமல், டீச்சரிடம் வாரம் ஒரு பீரியட் 'கணக்கு மன்றம்' கேட்டுப் பார்க்கலாம். இன்னும் நாலு பிள்ளைகள் சேருவார்கள்.

கள்ளிக்குப்பம் பாப்பா, டீச்சர் கொடுத்த ஆறாம் வகுப்புத் தாளை எழுதினாள். இயற்கணிதத்தில் முழு மார்க். குறை எண்ணில் தடுமாற்றம், வடிவியலில் பாதிதான். இப்போதைக்கு ஏழாம் வகுப்பு வேண்டாம், பருவ விடுமுறை முடிந்ததும் வாரம் மூன்று நாள் ஆறாம் வகுப்பு, தேர்வு ஒரே ஒரு தாள் என்று பேசி முடித்திருக்கிறார்கள். தனியாக நான் கேட்டபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை பி.டி. பீரியடில் கை வைக்கக் கூடாது.